ஆண்டாயியின் இருபத்திரண்டு விநாடி

21.12.2019: பதிவு 16 நிமிடம். ஒலிபரப்பானது 1 நிமிடம் 40 விநாடி.
2020: நிகழ்ச்சி இல்லை.
19.12.2021: பதிவு 11 நிமிடம். ஒலிபரப்பானது 55 விநாடி.
18.12.2022: பதிவு 23 நிமிடம். ஒலிபரப்பானது 2 நிமிடம் 5 விநாடி.
24.12.2023: நேரடி ஒலிபரப்பு. ஒதுக்கியது 3 நிமிடம். கிடைத்தது 38 விநாடி.
15.01.2024: பதிவு 1 நிமிடம் 12 விநாடி. ஒலிபரப்பானது 1 நிமிடம் 12 விநாடி.
சன்மானம்: ஒவ்வொரு முறையும் ஒரு சால்வை. மொத்தம் ஐந்து.

முதல் மூன்று பதிவுகளைக் கூட்டினால் ஐம்பது நிமிடம் வரும். அதில் காற்றில் போனது நான்கு நிமிடம் நாற்பது விநாடி. மீதியைக் குன்னூரில் உள்ள நீலச்சாரல் வானொலி என்ன செய்தது என்று கேட்டேன். அழித்துவிட்டார்களாம், கணினியில் இடம் இல்லையாம். நாற்பத்தைந்து நிமிடம் இருபது விநாடிக்கு இடம் இல்லாத கணினியை வைத்துக்கொண்டுதான் அவர்கள் நீலகிரியின் பண்பாட்டைக் காப்பாற்றுகிறார்கள்.

பாடியவர் ஆண்டாயி. கோத்தகிரிக்குக் கீழே வெள்ளப்பாறை டிவிஷன் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஏழாம் நம்பர் வீட்டில் இருக்கிறார். 1953இல் பிறந்தவர். கடவுச்சீட்டில் 1951 என்று இருக்கிறது. எழுதிய குமாஸ்தாவுக்கு இரண்டு வருடம் ஒரு பொருட்டாகப் படவில்லை போலும். இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பன்னிரண்டு வயதில் கூடை மாட்டியவர், 1974 அக்டோபரில் கணவர் சங்கிலியோடு கப்பலேறி இந்தியா வந்தார். மண்டபம் முகாமில் நாற்பத்து மூன்று நாள். பிறகு நீலகிரி. இங்கே முப்பத்தேழு வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றார். அதில் இருபத்தெட்டு வருடம் அவர் பறித்ததை நிறுத்து எழுதியவன் நான் என்பதால், இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. கணவர் 2011இல் இறந்தார். மகன் பாண்டியராஜ் காய்கறி லாரி ஓட்டுகிறார்.

ஆண்டாயிக்கு அங்கம்மா என்று ஒரு தங்கை. அங்கம்மாவின் கணவர் குடும்பத்துக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது, ஆண்டாயி குடும்பத்துக்கு இந்தியக் குடியுரிமை. இரண்டு அரசாங்கங்கள் மனிதர்களை ஆளுக்கு இத்தனை தலை என்று பிரித்துக்கொண்டபோது அக்காளும் தங்கையும் ஒரே கணக்கில் வரவேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. 1982 வரை அங்கம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. 1984இலும் 1986இலும் ஆண்டாயி போட்ட கடிதங்கள் முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தன. கலவரத்தில் அந்தத் தோட்டத்து லயங்களை எரித்துவிட்டார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். அதன் பிறகு ஒன்றும் தெரியாது.

வானொலிக்காரர்கள் முதன்முதலில் வந்தது 2019இல். கிறிஸ்துமஸ் தொடங்கிப் பொங்கல் வரை 'பல மலர், ஒரு மாலை' என்று பண்டிகைக் காலச் சிறப்பு நிகழ்ச்சி. எல்லாச் சமூகத்தின் கதையும் பாட்டும் அதில் உண்டு. ஒரு பகுதி ஐம்பத்தெட்டு நிமிடம், அதில் விளம்பரம் பதினான்கு. நிலைய மேலாளர் கீர்த்திவாசன் கோயம்புத்தூர்க்காரர், ஒழுங்கானவர். அவரிடம் ஒரு பட்டியல் இருந்தது. அதில் ஒவ்வொரு சமூகத்துக்கும் எதிரே ஓர் உணர்ச்சி எழுதியிருந்தது. தேவாலயப் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி. படுகரின் ஹெத்தை அம்மன் பாட்டுக்குப் பக்தி. தோடருக்குத் தொன்மை. கூடலூர்க்காரர்களுக்குக் கொண்டாட்டம். சிலோன்காரர்களுக்குக் கண்ணீர். அந்தக் கட்டத்தை நிரப்பத்தான் ஆண்டாயியைத் தேடி வந்தார்.

ஆண்டாயிக்குத் தெரிந்ததோ எசப்பாட்டு. அதுவும் நக்கல் எசப்பாட்டு. கொழுந்து மலையில் ஒரு நிரையில் நிற்பவள் அடுத்த நிரைக்காரியைச் சீண்டி மூன்று வரி பாடுவாள். பாடிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். எதிர் நிரைக்காரி மூன்று வரியில் பதில் பாடுகிற அளவு நேரம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் செருமக்கூடக் கூடாது. பதில் வராவிட்டால் சீண்டியவள் குலவை போடலாம், அவள் ஜெயித்தாள். ஆண்டாயி காத்திருக்கும் நேரத்தை நான் கைக்கடிகாரத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். இருபத்திரண்டு விநாடி. கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

அட்டன் ஸ்டேஷனில் கோச்சி, அதாவது ரயில், புறப்படும்போது ஊரே கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, ஆண்டாயி சன்னல் வழியே தலையை நீட்டித் தங்கையைப் பார்த்துப் பாடிய பாட்டு இது:

ரெண்டு கூடை கொழுந்தெடுத்து ராசாத்தி நான் போறேன்
அரைக் கூடை நெறைக்காத அங்கம்மா நீ நிக்கிறே
என்னாடி பதிலு சொல்லு, ஏறிப்புட்டேன் கோச்சியில

பாடி முடித்ததும் கோச்சி கூவிவிட்டது. இருபத்திரண்டு விநாடிக்கு அது நிற்கவில்லை. பதில் வந்ததா என்று ஆண்டாயிக்குத் தெரியாது. அதனால் குலவையும் போடவில்லை. பாட்டு அப்படியே நிற்கிறது.

வானொலி என்றதும் அவர் போட்ட கணக்கு எளிமையானது. அங்கம்மா எங்கே இருந்தாலும், எந்த ஊரில் யார் வீட்டில் இருந்தாலும், தன் பெயரைச் சொல்லி அரைக் கூடை என்று யாராவது பாடினால் சும்மா இருக்க மாட்டாள். உயிரோடு இருந்தால் பதில் சொல்வாள். கடிதம் போகாத இடத்துக்குப் பாட்டுப் போகும். அதற்குப் பாட்டும் முழுதாகப் போக வேண்டும், அதன் பின்னால் மௌனமும் முழுதாகப் போக வேண்டும். ஆண்டாயி வானொலியிடம் கேட்டது இவ்வளவுதான். அந்த ஐம்பது வாட் வானொலி கோத்தகிரி சந்தையைத் தாண்டினால் இரைச்சல்தான் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. எங்கள் லயத்திலேயே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் கேட்கும்.

முதல் பதிவிலேயே தகராறு. பாட்டைக் கேட்ட கீர்த்திவாசன், "ஏனுங்கம்மா, நல்லாத்தான் இருக்குதுங்க. கொஞ்சம் சோகமாப் பாடுனீங்கன்னா நேயர்களுக்குப் போய்ச் சேருமுங்க" என்றார்.

"சோகமாப் பாட இங்க யாரு செத்தா?" என்றார் ஆண்டாயி.

பதினாறு நிமிடத்தில் ஏழு சீண்டல் பாடினார். ஒவ்வொன்றுக்கும் இருபத்திரண்டு விநாடி காத்திருந்தார். 24ஆம் தேதி மாலை லயத்து ஜனம் முழுவதும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நின்று கேட்டது. முதலில் ஒரு ஷெனாய் அழுதது. பிறகு அறிவிப்பாளர், கண்ணீரைப் பாட்டாக்கிய தாய் ஒருத்தி என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். அதன் பிறகு ஆண்டாயியின் இரண்டு பாட்டுகள், நடுவில் மூச்சுவிடவும் இடமில்லாமல் ஒட்டப்பட்டு, ஒன்றன் தலையில் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன. மௌனத்தையெல்லாம் வெட்டிவிட்டார்கள்.

பக்கத்து வீட்டுச் சசிகலா சிரித்துவிட்டாள். எசப்பாட்டில் இதைவிடக் கேவலம் கிடையாது. எதிரிக்கு நேரம் கொடுக்காமல் அடுத்த பாட்டைப் பாடுகிறவள் பயந்தாங்கொள்ளி. நாற்பத்தாறு வருடம் ஒரு நிரையிலும் தோற்காதவரை, ஒரு நிமிடம் நாற்பது விநாடியில் பயந்தாங்கொள்ளி ஆக்கிக் கொடுத்தது வானொலி. கூடவே ஒரு சால்வை.

2021இல் மறுபடி வந்தார்கள். ஆண்டாயி முன்கூட்டியே நிபந்தனை போட்டார். கீர்த்திவாசன் பொறுமையாக விளக்கினார். ஓசையில்லாமல் நான்கு விநாடிக்கு மேல் போனால் நேயர்கள் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவார்கள் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த உண்மையாம். இந்த மலையில் திருப்புவதற்கு வேறு நிலையம் எது எடுக்கிறது என்று நான் கேட்டேன். அவர் தன் செல்போனைப் பார்க்கத் தொடங்கினார். 2022இல் அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். பக்கத்து வீட்டுப் பெண்களே பதில் பாடட்டுமே, மௌனமும் இருக்காது, நிகழ்ச்சியும் களைகட்டும். ஆண்டாயி அவரை ஏற இறங்கப் பார்த்தார். வேறொருத்தி பதில் சொல்லிவிட்டால் அதோடு முறை முடிந்தது, பிறகு அங்கம்மா வாய் திறக்க வழியில்லை என்று நான்தான் மொழிபெயர்த்துச் சொன்னேன். தமிழிலிருந்து தமிழுக்கு. அவர் குறித்துக்கொண்டார். அந்த வருடம் இரண்டு நிமிடம் ஐந்து விநாடி வந்தது. ஷெனாயோடு புல்லாங்குழலும் சேர்ந்திருந்தது.

2023 நவம்பரில் நிலையத்தில் கெஸியா என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தார். நேரடி ஒலிபரப்பில் வெட்டுவதற்கு வழியே இல்லை என்ற யோசனை அவருடையது. டிசம்பர் 24 மாலை ஆண்டாயி, ஆறு வருடத்துக்கு முன் எடுத்த ஒரே பட்டுப் புடவையில், குன்னூருக்குப் பஸ் ஏறினார். நானும் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எட்டு விநாடி வணக்கம் சொன்னார். இருபத்திரண்டு விநாடி பாடினார். வாயை மூடினார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவது விநாடியில் அறைக்கு வெளியே இருந்த பெட்டியிலிருந்து ஒரு குரல் உற்சாகமாகப் பாடத் தொடங்கியது. ஊட்டி வர்க்கி, மொறுமொறு வர்க்கி, டீக்கு ஏற்ற வர்க்கி.

ஓசை எட்டு விநாடி நின்றுபோனால் தானாகவே விளம்பரத்தை ஓட்டுகிற கருவி ஒன்று அங்கே இருக்கிறது. அது இருப்பது கெஸியாவுக்குத் தெரியாது. கீர்த்திவாசனுக்குத் தெரியும், ஆனால் யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஐம்பது வருடமாக நின்ற சீண்டலுக்கு ஒரு பேக்கரி பதில் சொல்லிவிட்டது. லயத்துப் பெண்கள் மூன்று நாள் சிரித்தார்கள். ஆண்டாயி வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் யாராவது ஒருத்தி மொறுமொறு என்றாள். ஐந்தாம் நாள் ஆண்டாயி என்னைக் கூப்பிட்டு, "கிளாக்கர் ஐயா, எனக்கு எழுபது ஆச்சு. அவளுக்கு அறுபத்தெட்டு. இன்னும் எத்தனை டிசம்பருக்கு நான் பட்டுப் புடவ கட்டுறது?" என்றார்.

பொங்கலுக்கு முந்தின வாரம் கெஸியா தனியாகப் பஸ்ஸில் வந்தார். கையில் ஒலிப்பதிவுக் கருவி. ஆண்டாயி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பாட்டி, சத்தமே இல்லாம இருந்தாத்தான் அந்த மிஷின் முழிச்சுக்கும். நீங்க வாயத் தொறக்காதீங்க. மத்ததெல்லாம் சத்தம் போடட்டும்" என்றார் கெஸியா. கதவைத் திறந்துவைத்தார். தன் பெயர், அப்பன் பெயர், பிறந்த தோட்டம், கூடை நம்பர் என்று ஆண்டாயி சொன்னது இருபத்தெட்டு விநாடி. பாட்டு இருபத்திரண்டு. பிறகு ஆண்டாயி வாயை மூடிக்கொண்டார். அடுப்பில் தண்ணீர் கொதித்தது. ஒரு கோழி கேறியது. தொலைவில் மஞ்சூர் பஸ்ஸா வேறு பஸ்ஸா, கியர் மாற்றி ஏறியது. யாரோ குழாயடியில் குடத்தை வைத்தார்கள். இருபத்திரண்டாவது விநாடியில் கெஸியா கருவியை நிறுத்தினார். பொங்கல் அன்று காலை அந்த ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடியும் அப்படியே போயிற்று. கருவி முழித்துக்கொள்ளவில்லை. கீர்த்திவாசன் அன்று விடுமுறையில் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விடுமுறை முடிந்து வந்ததும் அவர் தன் கடமையைச் செய்தார். அந்தப் பதிவை யூடியூபில் ஏற்றி, 'கண்ணீர்க் கடலில் ஒரு தாயின் தாலாட்டு' என்று தலைப்புக் கொடுத்தார். அழுகிற கண் ஒன்றின் படத்தையும் போட்டார். பாட்டில் கண்ணீரும் இல்லை, கடலும் இல்லை, தாலாட்டும் இல்லை. மூன்று மாதத்தில் அறுபத்தொரு பேர் பார்த்தார்கள். அதில் நான் பார்த்தது ஒன்பது.

ஆனால் நீதி என்று ஒன்று இருப்பதால் இதையும் எழுதுகிறேன். இலங்கையில், வவுனியாவில், ரஞ்சனி என்று ஒரு பள்ளி ஆசிரியை கலைவிழாவுக்காகச் சோகமான தாலாட்டு ஒன்றைத் தேடியிருக்கிறார். அழுகிற கண்ணைப் பார்த்து அழுத்தியிருக்கிறார். அடுப்படியிலிருந்து அவருடைய அம்மாச்சி, கையில் அகப்பையோடு, யாரடி அவ அரைக் கூடைங்கிறவ என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். எனவே அங்கம்மாவைக் கண்டுபிடித்தது கீர்த்திவாசனின் பொய்த் தலைப்புத்தான். இதை அவரிடம் யாரும் சொல்ல வேண்டாம். அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நிலையத்து முகவரிக்கு வந்த கடிதத்தைக் கெஸியா 2024 ஏப்ரல் 9 அன்று கொண்டுவந்தார். அங்கம்மா சொல்லச் சொல்ல ரஞ்சனி எழுதியது. நான் படித்தேன். நலம் விசாரிப்பு ஒரு வரிகூட இல்லை.

"அக்கா, நீ பாட்டுப் பாடிட்டு ஏதோ கெலிச்ச மாதிரி வானொலியில பீத்திக்கிறியாம். நான் அன்னைக்கே, அங்கேயே பதில் பாடிட்டேன். கோச்சி ஓடுனா அது என் குத்தமா? ஸ்டேஷன்ல நின்ன அத்தனை பேரும் சாட்சி. இப்ப முறை உன்னுது. அம்பது வருசமா நீதான் பதில் சொல்லாம இருக்கே."

கீழே அந்தப் பதில் இருந்தது:

கணக்கப்புள்ள கழிச்சுப்போட்ட முத்தலெல்லாம் உன் கொழுந்து
கழிச்சதெல்லாம் கூட்டி வச்சா கண்டி மலை உசரமாகும்
ஏறிப் போற ஆண்டாயி, எறங்குமிடம் தெரியுமாடி

கடைசியில் ஒரு நிபந்தனை. ரஞ்சனி தொலைபேசி எண்ணை எழுதப் போனாராம், அங்கம்மா தடுத்துவிட்டாராம். பேசினால் இரண்டு பேரும் அழுது பாட்டைக் கெடுத்துவிடுவோம், முதலில் பதில் வரட்டும், பிறகு எண் தருகிறேன் என்று.

ஆண்டாயி முதலில் பொய் என்றார். பிறகு மூன்றாவது வரியை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். கோச்சியில் ஏறியபோது எங்கே இறங்குவோம் என்று அவருக்குத் தெரியாது. நீலகிரி என்பது ஒரு தெருவின் பெயர் என்று மண்டபம் முகாமில் நாற்பத்து மூன்று நாளும் நினைத்துக்கொண்டிருந்தவர் அவர். அதைத் தங்கை அன்றைக்கே கேட்டிருக்கிறாள். கெஸியா கண்ணைத் துடைத்தார். ஆண்டாயி அவரைக் கோபமாகப் பார்த்து, "எதுக்குப் பாப்பா அழுவுற? கெட்டிக்காரச் சிறுக்கி, நல்லாப் பாடியிருக்கா" என்றார்.

பதிலுக்கு இருபத்தேழு நாள் ஆயிற்று. மே 6 அன்று நான் எழுதித் தபாலில் சேர்த்தேன். இறங்கின இடமெல்லாம் அதே தேயிலைதான், ஐம்பது வருடம் கழித்தும் உனக்கு அரைக் கூடைதானே என்பது அதன் சாரம். ஜூலை 22இல் அங்கம்மாவின் தீர்ப்பு வந்தது. அரைக் கூடை ஏற்கெனவே பாடியாகிவிட்டது, சொன்னதையே சொன்னால் பாட்டில் சேராது, தள்ளுபடி. எண் இல்லை.

நானாக இருந்தால் அங்கேயே விட்டிருப்பேன். பாண்டியராஜும் அதைத்தான் சொன்னார். யூடியூபில் கருத்து எழுதியிருந்த ரஞ்சனியை அவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். அம்மா தலையசைத்தால் அப்போதே பேசலாம். டிசம்பரில் கீர்த்திவாசனும் வந்தார். சகோதரிகள் சந்திக்கும் நேரடி ஒலிபரப்பு, மூன்று நிமிடம் அல்ல, முழுப் பத்து நிமிடம் என்றார். காகிதக் கைக்குட்டை ஒரு பெட்டியும் கொண்டுவந்திருந்தார்.

"கெஞ்சி நம்பர் வாங்குனா நான் தோத்தவ," என்றார் ஆண்டாயி. "தோத்தவ குரலக் கேட்டு அவ என்னா பண்ணப் போறா?"

அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு நெஞ்சுச் சளி கட்டி, பதினொரு நாள் கோத்தகிரி ஆஸ்பத்திரியில் இருந்தார். மூச்சு வாங்கும்போதும் விரலை மடக்கி வரியை எண்ணிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பாண்டியராஜ் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்திலேயே நின்றார். ஒரு நாள் மெதுவாக, நீ போய்ட்டா அப்புறம் யாரும்மா பாடுறது என்றுகூடக் கேட்டுவிட்டார். ஆண்டாயி கண்ணை மூடிக்கொண்டார். ஆனாலும் தலையசைக்கவில்லை. வீடு திரும்பிய மறுநாள், 2025 ஜனவரி 13, என்னைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார்:

எறங்குன எடம் கேட்டியே, எல்லாம் அதே தேயில
அங்க அடிச்ச குளிருக்கு அக்கா ஒருத்தி இங்க இருக்கா
ஏறாம நின்னவளே, எங்கடி நீ தொலஞ்சு போன

ஏறிப்போனவள் முப்பத்தேழு வருடம் ஒரே தோட்டத்தில் இருந்தாள். நின்றவள்தான் லயம் எரிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, ஊர் ஊராக ஓடி வவுனியாவில் போய் நின்றவள். எழுதுவதை விட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். ஆண்டாயி, "என்னா ஐயா பாக்குறீங்க, எழுதுங்க. நாப்பது வருசமா நான் கேக்க நெனச்சதே அதான்" என்றார்.

பிறகு வந்தது கடைசிக் கடிதம். கடைசிக் கடிதம் என்று கேள்விப்பட்டதும் கீர்த்திவாசன் தொலைபேசியில் குரலைத் தாழ்த்தி, எப்போது இறந்தார் என்று என்னிடம் கேட்டார். யாரும் சாகவில்லை. கடிதத்தில் மூன்று வாக்கியம்தான் இருந்தது. "மூணாவது வரிக்கு என்கிட்ட பதில் இல்ல. நீ குலவை போட்டுக்க. போட்டு முடிச்சுட்டுக் கூப்பிடு." கீழே வவுனியா எண்.

ஆண்டாயி வாசலில் நின்று குலவை போட்டார். யார் வீட்டில் பெண் வயதுக்கு வந்துவிட்டாள் என்று விசாரித்துக்கொண்டு நான்கு வீட்டுப் பெண்கள் வந்தார்கள். அதற்குப் பிறகு கடிதம் எழுத வேலையில்லாமல் போயிற்று. இப்போது நாளுக்கு ஏழெட்டு முறை வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பி ஒருவரையொருவர் வைதுகொள்கிறார்கள். ஒருவருக்கும் இருபத்திரண்டு விநாடி காத்திருக்கப் பொறுமை இல்லை. வானொலி சகோதரிகளின் சந்திப்புக்காக ஒதுக்கிய பத்து நிமிடத்தில் வர்க்கி விளம்பரம் போனதாகக் கெஸியா சொன்னார். அங்கம்மா தோற்றதை ஒப்புக்கொண்ட அந்தக் கடிதம் வெள்ளப்பாறை லயத்துக்கு வந்து சேர்ந்தது 2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை.